ஃபைனான்ஸ் கோர்ஸ் படித்தால் வங்கி வேலை கிடைக்குமா? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பட்டதாரிகள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"ஒரு வருஷம் படிங்க, பேங்க்ல வேலை கன்ஃபார்ம்." இந்த மாதிரி விளம்பரம் உங்கள் மொபைலுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். பொன்னேரியிலோ திருத்தணியிலோ அரசுக் கல்லூரியில் பி.காம் முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய் கண்டிகையிலோ கான்ட்ராக்ட் வேலைக்கு ஷிஃப்ட் போய்வரும் ஒருவர் அந்த வரியை அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக மாட்டார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் பல மாதச் சம்பளம் ஆகும். "கையில பணம் இல்லையா? இ.எம்.ஐ. போட்டுக்கலாம்" என்பார்கள்.

அந்தப் பணத்தைக் கட்டலாமா?

எந்த வங்கி, எந்த வேலை என்பதைப் பொறுத்துத்தான் பதில். அரசு வங்கியில் கிளார்க்காகவோ அதிகாரியாகவோ சேர எந்த ஃபைனான்ஸ் சான்றிதழும் தேவையில்லை. கூட்டுறவு வங்கியிலோ நிலைமை தலைகீழ். அங்கே கூட்டுறவுப் பயிற்சி இல்லாவிட்டால் டிகிரி இருந்தும் பயனில்லை. தனியார் வங்கிகளில் படிப்பைவிட வேறு சில விஷயங்கள் முன்னால் நிற்கும். தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுக்கும் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் பெரிய ஃபைனான்ஸ் படிப்புகளுக்கு உண்மையான மதிப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசு வங்கி கேட்பது என்ன?

ஸ்டேட் பேங்க் தனக்கென்று தனித் தேர்வு நடத்துகிறது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி உள்ளிட்ட மற்ற 11 பொதுத்துறை வங்கிகளுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வுதான். 2011 முதல் இந்த முறை. கிளார்க் பதவிக்கு இப்போது 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர். அதற்கும் சரி, புரொபேஷனரி ஆபீசர் பதவிக்கும் சரி, கல்வித் தகுதி ஏதாவது ஒரு பட்டம். பி.ஏ. தமிழ் படித்தவர், பி.இ. மெக்கானிக்கல் படித்தவர், எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படித்தவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். கையில் இருக்கும் கூடுதல் சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கிளார்க் பிரிலிம்ஸில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். இந்த நூறில் ஃபைனான்ஸ் என்று ஒரு பகுதியே இல்லை. மெயின்ஸில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 50 பொது மற்றும் நிதி விழிப்புணர்வுக்கு. ரெப்போ விகிதம் என்றால் என்ன, நெஃப்ட்டுக்கும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கும் என்ன வித்தியாசம், சமீபத்தில் ரிசர்வ் வங்கி என்ன அறிவித்தது என்கிற ரகக் கேள்விகள். பி.காம் படித்தவருக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். லட்ச ரூபாய் கட்டிப் படிக்க வேண்டிய பகுதி அல்ல. தினமும் நாளிதழின் வணிகப் பக்கத்தை விடாமல் வாசிப்பவருக்கே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

ஒரு நல்ல விஷயம்: கிளார்க் தேர்வில் ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். 2021-ல் மத்திய நிதி அமைச்சகம் எடுத்த முடிவு இது. தமிழ் வழியில் படித்த பலர் இன்னும் இதைக் கவனிக்காமல் ஆங்கிலத்திலேயே எழுதித் திணறுகிறார்கள்.

வயதுதான் இங்கே நிஜமான தடை. கிளார்க் பதவிக்கு 20 முதல் 28 வரை, அதிகாரி பதவிக்கு 20 முதல் 30 வரை. ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அப்படியே கொண்டுபோனால் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தேர்வில் ஜெயித்துவிட்டு இந்தக் காகிதத்துக்காகக் கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுபவர்கள் உண்டு. இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆந்திர எல்லையை ஒட்டிய நம்ம ஊர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிளார்க் பதவிக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில மொழியை எழுத, படிக்க, பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியிலும் தெலுங்கோ ஆங்கிலமோ மட்டும் படித்தவர்கள் தமிழைச் சரளமாக வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மொழித் தேர்வில் தவறினால் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

சம்பளம்? 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தின்படி கிளார்க்கின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.24,050. அதிகாரிக்கு ரூ.48,480. இதன் மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும். இதற்கான தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கும் ஓ.பி.சி.க்கும் ரூ.850, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.175. இதைத் தாண்டி "சீட்டு வாங்கித் தருகிறோம்" என்று யார் காசு கேட்டாலும் அது மோசடி.

ஜே.ஏ.ஐ.ஐ.பி. முடித்தால் வேலை என்கிறார்களே?

இதில்தான் குழப்பம் அதிகம். ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. இரண்டும் மதிப்புள்ள தேர்வுகள்தான். 1928-ல் தொடங்கப்பட்ட, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வங்கி மற்றும் நிதி நிறுவனம் அவற்றை நடத்துகிறது. ஆனால் அவை ஏற்கெனவே வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கானவை. வெளியாள் எழுத முடியாது. வேலையில் சேர்ந்த பிறகு இவற்றை முடித்தால் இன்கிரிமென்ட் கிடைக்கும், பதவி உயர்விலும் உதவும். அரசு வங்கியில் தொழில்முறைத் தகுதி வேலை செய்வது இப்படித்தான். முதலில் வேலை, அப்புறம் படிப்பு. யாராவது "ஜே.ஏ.ஐ.ஐ.பி. கோர்ஸ் முடிங்க, பேங்க்ல சேரலாம்" என்றால், வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

பட்டயம் நிஜமாகவே கதவைத் திறக்கும் இடம்: கூட்டுறவு வங்கி

வேலை தேடும் பலர் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம் இது. மத்திய கூட்டுறவு வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள், கடன் சங்கங்கள் ஆகியவற்றின் உதவியாளர், எழுத்தர் பணிகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் ஆள் எடுக்கின்றன. 2023 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க 2,257 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் 2,513 இடங்கள். காஞ்சிபுரம் மத்திய கூட்டுறவு வங்கியின் கிளைகள் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன.

இதற்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். கூடவே கூட்டுறவுப் பயிற்சியும் வேண்டும். அதாவது கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம். பி.காம் கூட்டுறவு, எம்.காம் கூட்டுறவு மாதிரி சில படிப்புகளை முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதாரண பி.காம், பி.எஸ்சி. முடித்தவருக்குப் பட்டயம் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

பட்டயப் பயிற்சி ஓர் ஆண்டு, இரண்டு பருவம். தமிழிலேயே படிக்கலாம். தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழ் இயங்கும் மேலாண்மை நிலையங்களில் நடக்கிறது. திருவள்ளூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது காஞ்சிபுரம் பேரறிஞர் அண்ணா கூட்டுறவு மேலாண்மை நிலையம். கட்டணம் சுமார் 20 ஆயிரம் ரூபாய். தனியார் இன்ஸ்டிடியூட்கள் கேட்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியம் வயது. இந்தப் பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு மட்டும்தான் 32 என்ற வரம்பு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே இல்லை. 33 வயதில், ஐ.பி.பி.எஸ். கதவு மூடிவிட்டது என்று நினைத்துக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பட்டதாரிக்கு இது பெரிய செய்தி.

சிக்கல் இல்லாமல் இல்லை. முழுநேரப் பயிற்சி என்பதால் பகல் வகுப்பு. ஷிஃப்ட் வேலையோடு சேர்த்துப் படிப்பது கஷ்டம், வேலையை விட்டால் ஒரு வருஷ வருமானம் போகும். படித்து முடித்தாலும் போட்டி உண்டு. தேர்வில் எழுத்துக்கு 85 சதவீதம், நேர்முகத்துக்கு 15 சதவீதம். அறிவிப்பும் ஆண்டுதோறும் தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது. கடன் சங்கங்களில் சம்பளம் அரசு வங்கி அளவுக்கு இருக்காது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், 'படித்தால் தகுதி வரும்' என்று விதியிலேயே எழுதியிருக்கும் வங்கிப் படிப்பு இதுதான்.

தனியார் வங்கியில் என்ன நிலவரம்?

தனியார் வங்கி, ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி கிளைகளில் புதிதாக எடுக்கும் ஆட்களில் கணிசமானவர்கள் விற்பனைக்கு. கணக்குத் தொடங்க ஆள் பிடிப்பது, தங்க நகைக் கடன், டூவீலர் கடன், இன்ஷூரன்ஸ் டார்கெட். இந்த வேலைக்கு எம்.பி.ஏ. ஃபைனான்ஸைவிட டூவீலரும் லைசென்ஸும், நாலு பேரிடம் தயங்காமல் பேசும் வாயும் முக்கியம். கோர்ஸ் நடத்துபவர்கள் "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று காட்டுவது பெரும்பாலும் இந்த வகை வேலைகள். சில சமயம் அந்தக் கோர்ஸ் இல்லாமல் நேரில் போய்க் கேட்டாலே கிடைக்கும் வேலைகள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "பேங்க் ரோலா, ஏஜென்சி ரோலா?" சட்டையில் வங்கியின் பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு ஆள் சப்ளை நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. 'பேங்க் வேலை' என்று அழைத்துப்போய் கடன் வசூலில் இறக்குவதும் நடக்கிறது. வசூல் முகவராக வேலை செய்ய ரிசர்வ் வங்கி விதிப்படி பயிற்சியும் சான்றிதழும் தேவை. யாராவது அந்தச் சான்றிதழை 'பேங்கிங் கோர்ஸ்' என்று விற்றால் எந்த வேலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

தனியார் வங்கிப் பக்கம் போக முடிவு செய்துவிட்டவருக்குக் குறைந்த செலவில் ஒரு உதவி இருக்கிறது. செபி அமைப்பின் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு, 'சீரிஸ் 5 ஏ'. 2 மணி நேரம், 100 கேள்வி, 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, நெகட்டிவ் மார்க் இல்லை. சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். வங்கிக் கிளையில் உட்கார்ந்து மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டுமானால் இது கட்டாயம் என்பதால், ஏற்கெனவே வைத்திருப்பவரைப் பார்த்தால் மேனேஜருக்கு ஒரு வேலை மிச்சம். வீட்டிலிருந்தே படித்து எழுதிவிடலாம்.

சிப்காட் பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் வாய்ப்பு

இப்போது சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஃப்.ஏ. போன்ற பெரிய படிப்புகளுக்கு வருவோம். இவை கவுன்டரில் உட்காருவதற்கான படிப்புகள் அல்ல. வங்கி யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் மேஜைக்கானவை. கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் அந்த மேஜைக்கு வேலை அதிகம்.

ஒரு உதாரணம். ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் விற்பனை எதிர்பார்க்கும் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் ஒன்று நடைமுறை மூலதனக் கடன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு நிறுவனங்களுக்கு நாயக் குழு பரிந்துரைத்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்பனையில் 25 சதவீதம், அதாவது 50 லட்சம், சுழற்சிக்குத் தேவை என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் 10 லட்சம் முதலாளியின் கைப்பணம், 40 லட்சம் வங்கியின் கேஷ் கிரெடிட். இது வெறும் வாய்ப்பாடு. அந்த 2 கோடி விற்பனை நிஜமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் பேலன்ஸ் ஷீட்டும் ஒத்துப்போகிறதா, குடோனில் இருப்பதாகச் சொல்லும் இரும்புத் தகடு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மாதாமாதம் யூனிட் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து, சரக்கு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கழித்துக் கூட்டி, அந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைப்பார்கள்.

இந்தக் கணக்கு புரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. அதனால்தான் பொதுத்துறை வங்கிகள் அவ்வப்போது சி.ஏ., சி.எம்.ஏ., எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்தவர்களைக் கிரெடிட் ஆபீசர்களாகத் தனி அறிவிப்பில் எடுக்கின்றன. சி.ஏ. முழுசாக முடிக்க வருஷங்கள் ஆகும் என்பது உண்மை. 2023-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஆடிட்டரோடு வங்கிக் கிளைத் தணிக்கைக்கும், தொழிற்சாலை ஸ்டாக் ஆடிட்டுக்கும் போகும் மாணவர், வங்கியின் உள்பக்கத்தை வேலைக்குச் சேரும் முன்பே பார்த்துவிடுகிறார்.

சி.எஃப்.ஏ. பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்க அமைப்பு நடத்தும் மூன்று நிலைத் தேர்வு. ஒரு நிலைக்கே ஆயிரம் டாலரைச் சுற்றியோ அதற்கு மேலோ கட்டணம். ஃபண்ட் நிறுவனம், பங்கு ஆய்வு, பெரிய முதலீட்டு வங்கி என்று போக நினைப்பவருக்கு அது சரி. திருவள்ளூர் கிளையில் கிளார்க் வேலைக்கு அதைப் படிப்பது கொசு அடிக்க பீரங்கி வாங்குவது மாதிரி.

காசே செலவில்லாத இன்னொரு தகுதியும் இந்தப் பகுதியில் கிடைக்கிறது. சிப்காட் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் உதவியாளர் வேலை. டேலியில் என்ட்ரி போடுவது, ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தயாரிப்பது, பேங்க் கேரன்டிக்கு அலைவது. மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றதை வைத்து, தனியார் வங்கிகள், நிதி நிறுவனங்களின் சிறுதொழில் கடன் பிரிவுக்கு மாறலாம். இன்டர்வியூவில் 'டிராயிங் பவர்னா என்ன' என்று கேட்டால் புத்தகம் படித்தவரைவிட இவர் பதில் தெளிவாக இருக்கும்.

படிக்கும்போதே பணம் தரும் வழிகள்

பணம் கட்டிப் படிப்பதற்குப் பதில், உதவித்தொகை வாங்கிக்கொண்டு வங்கியிலேயே கற்கும் வழி அப்ரன்டிஸ் பயிற்சி. 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வங்கிகள் பட்டதாரிகளை ஓர் ஆண்டுக்கு எடுக்கின்றன. 2024-ல் இந்தியன் வங்கி 1,500 பேருக்கு அறிவிப்பு வெளியிட்டது. நகரக் கிளைகளில் மாதம் ரூ.15,000, கிராம, சிற்றூர்க் கிளைகளில் ரூ.12,000. ஆண்டு முடிந்ததும் நிரந்தர வேலை தருவோம் என்று எந்த வாக்குறுதியும் இல்லை, அதை மறக்க வேண்டாம். ஆனால் ஒரு வருடக் கிளை அனுபவம் கையில் நிற்கும்.

கோர்ஸும் வேலையும் சேர்ந்தே வரும் திட்டங்களும் உண்டு. ஐ.டி.பி.ஐ. வங்கி, ஓராண்டு டிப்ளமோ முடித்தவர்களை ஜூனியர் அசிஸ்டென்ட் மேனேஜராக எடுக்கிறது. கட்டணம் 3 லட்சம் ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வங்கியே தேர்வும் நேர்முகமும் வைத்து ஆளை எடுக்கிறது, அதன் பிறகுதான் கட்டணமும் வகுப்பும். பணத்தை முதலில் வாங்கிவிட்டு 'அப்புறம் வங்கிக்கு அனுப்புவோம்' என்பது வேறு வியாபாரம்.

கடன் வாங்கிப் படித்தால் ஒரு ஆபத்து

கோர்ஸுக்கு இ.எம்.ஐ. போட்டவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வங்கி வேலைக்கு வருபவரின் கடன் வரலாற்றை வங்கிகள் பார்க்கின்றன. கடனைச் சரியாகக் கட்டாத சிபில் பதிவு இருந்ததால் ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் பேங்க் ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கம் கேட்பது நியாயம் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'பேங்க் வேலை கன்ஃபார்ம்' என்ற கோர்ஸுக்கு ஆப் வழியாகக் கடன் எடுக்கிறோம். வேலை கிடைக்கவில்லை, நாலு தவணை தவறுகிறது. அந்தத் தவறிய தவணையே பின்னாளில் நிஜமான வங்கி வேலைக்குக் குறுக்கே வந்து நிற்கலாம். ஏற்கெனவே பாக்கி இருந்தால் அதை முடித்து, கடன் கொடுத்த நிறுவனத்திடம் பாக்கி இல்லை என்று எழுத்துப்பூர்வமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பனின் பைக் லோனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

அப்போ எங்கே தொடங்குவது?

28 வயதுக்குள் இருந்து, கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஓரளவு நம்பிக்கை இருந்தால் ஐ.பி.பி.எஸ்., எஸ்.பி.ஐ. தேர்வுகள்தான் முதல் வழி. கோச்சிங்குக்குக் காசு இல்லையென்றால், திருவள்ளூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரிக்கலாம். போட்டித் தேர்வு வகுப்புகள் அங்கே இலவசம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் வங்கித் தேர்வுக்கான பயிற்சி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்கள் தாட்கோ அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும்.

வயது தாண்டியவர்கள் கூட்டுறவுப் பட்டயத்தின் பக்கம் போகலாம். அதற்கான சேர்க்கை அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில், கல்லூரி சேர்க்கை நடக்கும் சமயத்தில் வரும். காஞ்சிபுரம் நிலையத்தில் கேட்டு, கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் அசல்களை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழைக் கம்பெனியிலோ ஏஜென்சியிலோ கொடுத்து வைத்திருந்தால், அதைத் திரும்ப வாங்குவது முதல் வேலை.